பயன்படுத்தலாம், படிக்கக் கூடாது

சென்ற மாதம் பேரனோடு ஏடிஎம்முக்குப் போயிருந்தேன். ரகசிய எண்ணை அழுத்தும்போது பழக்க தோஷத்தில் இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் பார்த்தால் அவன் முகம் வாடியிருந்தது.

"என்னை நம்பலையா தாத்தா?" என்றான்.

"நம்பாமத்தான் உன் வண்டியில பின்னாடி உட்கார்ந்து வரேனா?" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நம்புகிறேன் என்பது உண்மை. மறைத்தேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு நேர்மையான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதில் நான் எதிர்பார்க்காத ஓர் இடத்திலிருந்து கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கணினி விஷயம் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம். குமாஸ்தாவாக வேலை பார்த்த எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

பேரன் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், கல்லூரியில் கொடுத்த ஒரு பயிற்சியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்துகொண்டிருந்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலுக்குள் சேமித்து வைத்திருக்கும் ஒரு ரகசியச் சாவியை, சி மொழியில் நிரல் எழுதி வாங்கிப் படிக்க வேண்டும். இதுதான் பயிற்சி. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. பழத்துக்குள் கொட்டை மாதிரி. நான் படித்த பிரெஞ்சிலும் பழக்கொட்டைக்கு உள்ள சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் கெர்னலை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கினார். அது சி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது.

எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், நாம் பயன்படுத்தும் நிரல்கள் எல்லாம் கவுன்டருக்கு வெளியே நிற்கும் பொதுமக்கள். கெர்னல் உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. யாரும் தானாக உள்ளே புகுந்து அலமாரியைத் திறக்க முடியாது. எது வேண்டுமானாலும் மனுவாகத்தான் கொடுக்க வேண்டும். அதிகாரி பார்த்து, தகுதி இருந்தால் தருவார், இல்லாவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார்.

அந்த அதிகாரியிடம் சாவிகளுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. 2004-இல் டேவிட் ஹோவெல்ஸ் என்பவர் சேர்த்த ஏற்பாடு அது. கடவுச்சொல், குறியாக்கச் சாவி போன்ற ரகசியங்களைக் கோப்பில் எழுதி வைக்காமல் கெர்னலிடமே ஒப்படைத்து வைக்கலாம். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரிசை எண், ஒரு பெயர், ஒரு வகை, ஓர் உரிமையாளர் உண்டு. பல சாவிகளைக் கோத்து வைக்கச் சாவிக்கொத்துகளும் உண்டு. பெயரே அதுதான். வாழ்நாள் முழுக்கப் பதிவேடு எழுதியவனுக்கு இதையெல்லாம் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பேரன் எழுதிய நிரல் இருபது வரிகூட இல்லை. முதலில் ஒரு கட்டளையால் சாவியை உள்ளே வைக்கிறான். கெர்னல் ரசீது மாதிரி ஒரு வரிசை எண் கொடுக்கிறது. பிறகு அந்த எண்ணைக் காட்டி, "இதைப் படிக்க வேண்டும், எத்தனை எழுத்து இருக்கிறது?" என்று கேட்கிறான். கெர்னல் அளவைச் சொல்கிறது. அந்த அளவுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டு, "இப்போது கொடு" என்று மறுபடி கேட்கிறான். கொடுத்துவிட்டது. நாங்கள் வைத்த வார்த்தை அப்படியே திரையில் வந்து நின்றது.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இவ்வளவுதானா? கேட்டதும் கொடுத்துடுச்சே, இதுல என்னடா பாதுகாப்பு?" என்றேன்.

"நான்தானே தாத்தா வச்சேன். அதனால எனக்குக் கொடுக்குது" என்றான். "இப்ப பாருங்க" என்று, கறுப்புத் திரை ஒன்றில், அதே பெயர், அதே கடவுச்சொல் கொடுத்து, தனியாக இன்னொரு முறை உள்ளே நுழைந்தான். அங்கிருந்து அதே வரிசை எண்ணைக் கொடுத்துப் படிக்கக் கேட்டான். அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் வந்தது. அதே ஆள்தான், அதே சாவிதான், ஆனாலும் மறுத்துவிட்டது.

காரணத்தை அவன் விளக்கியபோது எனக்குச் சுவாரசியம் கூடியது. ஒரு சாவியின் மேல் ஆறு விதமான அனுமதிகள் இருக்கின்றன: அது இருப்பதைப் பார்ப்பது, உள்ளே இருப்பதைப் படிப்பது, மாற்றி எழுதுவது, தேடிக் கண்டெடுப்பது, ஒரு கொத்தில் கோப்பது, அனுமதிகளையே மாற்றுவது. இந்த ஆறும் நான்கு விதமான ஆட்களுக்குத் தனித்தனியாகக் கொடுக்கப்படுகின்றன. சாவியைக் கைவசம் வைத்திருப்பவர், உரிமையாளர், அவருடைய குழுவினர், மற்றவர்கள். வேறு எதுவும் சொல்லாமல் ஒரு சாவியை உள்ளே வைத்தால், கைவசம் வைத்திருப்பவருக்கு ஆறும் கிடைக்கும். உரிமையாளர் என்ற தகுதிக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. பேரன் இரண்டாவது முறை நுழைந்தபோது அவன் உரிமையாளன்தான். ஆனால் சாவி இருந்த கொத்து முதல் முறை நுழைந்த இடத்தோடு கட்டப்பட்டது. அதனால் இங்கே சாவி அவன் கைவசம் இல்லை.

பத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. உரிமை வேறு, சுவாதீனம் வேறு என்று நம் பத்திரங்களில் தனித்தனியாகத்தானே எழுதுகிறோம்? பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பழைய 2279-ஆம் பிரிவு ஒன்று உண்டு. இப்போது அதன் எண் 2276. அசையும் பொருளைப் பொறுத்தவரை, கைவசம் வைத்திருப்பதே பத்திரத்துக்குச் சமம் என்பது அதன் சாரம். கணினிக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்ததாக அவன் காட்டியதுதான் என் மனதில் நின்றுவிட்டது.

சாவிகளில் வகைகள் உண்டு என்றேன் அல்லவா? நாங்கள் முதலில் வைத்தது 'யூசர்' என்ற வகை. 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து 'லாகான்' என்று இன்னொரு வகை இருக்கிறது. பேரன் அந்த வகையில் ஒரு சாவியை வைத்தான். வைத்தவன் அவன், உரிமையாளன் அவன், கைவசம் இருப்பதும் அவனிடமே. படிக்கக் கேட்டான். கெர்னல் மறுத்துவிட்டது. இந்த முறை வந்த பதில் 'உனக்கு அனுமதி இல்லை' என்பது அல்ல. 'இப்படி ஒரு செயலே இங்கே கிடையாது' என்கிற மாதிரி ஒரு பதில். உள்ளே வைக்கலாம், புதிதாக மாற்றலாம், அழிக்கலாம். அந்தச் சாவியால் ஆக வேண்டிய வேலையை, உதாரணமாகப் பூட்டிய வட்டைத் திறப்பதை, கெர்னலே உள்ளே இருந்து செய்துகொள்ளும். ஆனால் அதை வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்க, கேட்டு வாங்கும் வழி வைத்தவனுக்கும் இல்லை.

"வச்சவனையே நம்பலையாடா இது?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் இது அவன் ஏடிஎம் வாசலில் என்னைக் கேட்ட கேள்வி என்று உறைத்தது.

வைத்தவனுக்கே ஏன் காட்டக் கூடாது? கணினிக்காரர்கள் சொல்லும் காரணம் இது. ஒரு ரகசியத்தை நிரல் வாங்கிப் படித்துவிட்டால் அந்த ரகசியத்தின் நகல் ஒன்று நிரலின் நினைவகத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் அந்த நிரலில் எந்த ஓட்டை இருந்தாலும் அதன் வழியாக அது வெளியே போகும். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெயரில் உலகத்தையே கலக்கிய ஓட்டை இப்படிப்பட்டதுதான். இணையத்தில் ஏராளமான தளங்கள் பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி மொழி நிரல் தொகுப்பில் ஒரு சிறு கவனக்குறைவு. ஒரு வரிக்கு நகல் கேட்டு மனுப் போட்டுவிட்டு, 'பக்கங்கள் அறுபத்து நாலு' என்று எழுதிக் கொடுத்தால், எழுத்தர் சரிபார்க்காமல் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்த மற்றவர்களின் பக்கங்களையும் சேர்த்து நகல் எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. ஒரு தடவை கேட்டால் 64 கிலோபைட் வரை பக்கத்து நினைவகம் வெளியே வந்தது. அதில் கடவுச்சொற்கள் இருந்தன, தளத்தின் ரகசியச் சாவியேகூட இருக்கலாம். யார் எடுத்துப் போனார்கள் என்பதற்கு வழக்கமான பதிவுகளில் தடயமும் கிடையாது. கடைசியில் என்ன செய்ய முடிந்தது? போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கே எல்லோரும் பூட்டையும் சாவியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

படித்ததை அழிப்பதும் லேசல்ல. பேரன் தன் நிரலில், வேலை முடிந்ததும் சாவி இருந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பும்படி ஒரு வரி எழுதியிருந்தான். பிறகு அவனே அதை மாற்றினான். சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், "இந்த இடத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லையே, இதை எதற்கு அழிக்க வேண்டும்?" என்று நினைத்து அந்த வரியையே தூக்கிவிடக்கூடுமாம். கட்டாயம் அழித்தே தீர வேண்டும் என்று சொல்லத் தனியாக ஒரு கட்டளை இருக்கிறது.

எனக்குக் கார்பன் தாளின் ஞாபகம் வந்தது. ரகசியக் கடிதம் தட்டச்சு செய்தால், கடிதத்தைவிட அந்தக் கார்பன் தாள்தான் ஆபத்து. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முழுக் கடிதமும் தெரியும். வேலை முடிந்ததும் அதைக் கொளுத்த வேண்டும் என்று எங்கள் தலைமை எழுத்தர் நின்று பார்ப்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "நல்லாத்தானே இருக்கு, இன்னும் நாலு தடவை ஓட்டலாமே" என்று எடுத்து வைத்துக்கொள்வான். அவன் கெட்டவன் அல்ல, சிக்கனக்காரன். கம்பைலரும் அப்படிப்பட்ட பையன்தான்.

இதெல்லாம் கணினிக்கான காரணம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தோன்றுகிறது. அதற்கு ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏடிஎம் அட்டையின் உறைக்குள்ளேயே ரகசிய எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். மறதிக்குப் பயந்துதான். கால் முடியாமல் போன பிறகு யார் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்களிடம் அட்டையைக் கொடுத்து அனுப்புவார். மருமகன், பக்கத்து வீட்டுப் பையன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, சில சமயம் தெரிந்த ஆட்டோக்காரர். ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் மூன்று மாதப் பென்ஷன் அளவுக்குப் பணம் குறைந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தார்கள்.

யார் எடுத்தார்கள்? எண் நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் இல்லை என்றார்கள். அப்படியானால் சந்தேகம் யார்மேல் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாமேல்தான் விழுந்தது. யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்காமலே பார்வையில் காட்டிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. அவர் எடுத்தாரா, எடுக்கவில்லையா என்பது இன்றுவரை தெரியாது. நண்பரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "பணம் போனது போகட்டும்பா. அவங்க எடுக்கலைன்னா நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

படிக்கப்பட்ட சாவியில் இருக்கும் பெரிய கேடு இதுதான். எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை பேரும் குற்றவாளி ஆகக்கூடியவர்கள். அதில் நேர்மையானவருக்குத் தான் நேர்மையானவர் என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லாமல் போகிறது.

அரசாங்க அலுவலகங்களில் பழைய பெரியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கருவூலத்தின் பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஒருவரிடம், இன்னொன்று வேறொருவரிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. சாவி கைமாறினால் பதிவேட்டில் கையெழுத்து. இளவயதில் எனக்கு இதெல்லாம் அவமானமாகப் பட்டது. 'நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்களா?' என்று பொருமுவேன். தலைமை எழுத்தர் சொன்னார்: "தம்பி, இந்தக் கையெழுத்து உன்னைப் பிடிக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு ஏதாவது குறைஞ்சா உன்னை விடுவிக்கிறதுக்கு." அப்போது புரியவில்லை. நண்பரின் வீட்டு அம்மாவுக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால் தலை நிமிர்ந்து இருந்திருப்பார்.

அலுவலக முத்திரையும் அப்படித்தான். காகிதம் முத்திரையைத் தேடி வரும், முத்திரை காகிதத்தைத் தேடிப் போகாது. கெர்னலிலும் அதே வழக்கம் வந்துவிட்டதாம். 2018 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து, சில வகைச் சாவிகளைப் பொறுத்தவரை, 'சாவியைக் கொடு' என்று கேட்க வேண்டாம். 'இதில் கையெழுத்துப் போட்டுக் கொடு' என்று கேட்டால் போதும். சாவி உள்ளேயே இருக்கும், கையெழுத்து வெளியே வரும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "எழுபது வயசுக்கு மேல ஆச்சு. நாளைக்குப் படுத்துட்டா மருத்துவச் செலவுக்குப் பணம் யார் எடுப்பாங்க? பிள்ளைங்ககிட்ட சொல்லி வைக்க வேணாமா?" என் மனைவியே கேட்டாள். கேள்வி சரி. கெர்னலிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ரூட் என்ற தலைமை அதிகாரம் தவறான கையில் சிக்கினால் அதன் அலமாரியும் ஆபத்துதான். ஆனால் பதில், சாவியை நகல் எடுத்து ஊருக்குக் கொடுப்பது அல்ல. அவரவருக்கு அவரவர் பெயரில் அதிகாரம் கொடுப்பது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யாராவது ஒருவர் அல்லது பின்னர் உயிரோடு இருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் மாற்றினேன். அவளுக்குத் தனி அட்டை, தனி எண். என் எண் அவளுக்குத் தெரியாது, அவள் எண் எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுச் செலவு நிற்காது. எல்லாக் கணக்கிலும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்தேன், ஒன்றில் இல்லை, சேர்த்தேன். வேறு வழியில்லாமல் எழுதித்தான் வைக்க வேண்டும் என்றிருந்த இரண்டு கடவுச்சொற்களை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டுப் பீரோவில் வைத்தேன். மகனுக்கு உறை இருக்கும் இடம் தெரியும். பிரித்தால் பிரித்தது தெரியும். மின்விசிறிக்குக் கீழே கிடந்த பழுப்பு நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கொளுத்தினேன். கார்பன் தாளைக் கொளுத்திய மாதிரி, சாம்பல் ஆகும்வரை நின்று பார்த்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வீட்டில் யாராவது உங்கள் ரகசிய எண்ணைக் கேட்டால், அவர்களை நம்பாததால் மறுக்காதீர்கள். நம்புவதால் மறுங்கள். நாளைக்கு ஏதாவது குறைந்தால் அவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதற்காக மறுங்கள். குறிப்பாக, கைகட்டி நின்று உதவி செய்யும் ஏழைகளிடம் எண்ணைச் சொல்லி அனுப்பாதீர்கள். அது உதவிக்குக் கொடுக்கும் கூலி அல்ல. அவர்கள் தலையில் நாம் ஏற்றும் பாரம்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பிரசங்கம் என்று நினைப்பான் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப நீங்க என்னை லாகான் சாவி ஆக்கிட்டீங்க" என்று மட்டும் சிரித்தான். அது சரியான உவமை இல்லை என்று திருத்த நினைத்தேன், விட்டுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு முறை ஏடிஎம்முக்கு என்னைக் கூட்டிப் போனான். நான் அட்டையை நுழைத்ததும், நான் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். பணத்தை எண்ணி முடித்து "வாடா போகலாம்" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.